ஓடட்டும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார் பூதலிங்கம். அறைக்குள் நுழைந்த அவர் மனைவி சண்முகசுந்தரிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"நல்லா ஓடுதுல்லா?" என்றார் அவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டு.

"ஓடுது, ஓடுது. உங்களுக்கு என்ன திடீர்னு அது மேல இம்புட்டு கரிசனம்?"

"சும்மா கேட்டேன்."

கரிசனமா? அந்த மனுஷர் கம்ப்யூட்டரைக் கரித்துக் கொட்டாத நாளே கிடையாது. 'இது என்ன கம்ப்யூட்டரா, மாவு மில்லா?' என்பார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற சண்முகசுந்தரி அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

உலகமெங்கும் வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை இரவல் வாங்கி, உடம்பிலிருக்கும் புரதங்கள் எப்படி மடங்குகின்றன, எங்கே கோணலாகி நோயாகின்றன என்று கணக்குப் போடும் ஆராய்ச்சி ஒன்று அவள் கம்ப்யூட்டரில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்த பிரிஸில்லா டீச்சருக்குக் கை நடுக்க நோய் வந்து சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனபோது சண்முகசுந்தரி அதில் சேர்ந்தாள். அன்று முதல் அவள் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மருமகன் கணேஷ்ராம் வந்திருந்தார். சென்னையில் டாக்டர். ஏதோ கருத்தரங்குக்காக ஊருக்கு வந்தவர், மாமியார் வீட்டை விட்டுவிட்டுப் போக முடியுமா? வெளியே ஐப்பசி அடைமழை. வெயிலைக் கண்டே வாரக்கணக்கில் ஆகிவிட்டது. தயிர்ச் சோற்றுக்குக் கடித்த மோர் மிளகாய் மொறுமொறுவென்று நொறுங்கியது.

"பிரமாதம் மாமா! போன வருசத்துதா?"

"புதுசு மாப்ளே. நம்ம கைப்பக்குவம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார் பூதலிங்கம். ஓய்வு பெற்ற பிறகு வத்தல், வடகமெல்லாம் அவர் இலாகா.

"உள்ள என்ன அத்தை ஒரே இரைச்சல்?"

ஜலதோஷத்தில் அடைத்துக் கிடந்த மூக்கை உறிஞ்சிக்கொண்டே சண்முகசுந்தரி ஆர்வமாக விளக்கினாள். கணேஷ்ராம் சிரித்துவிட்டார்.

"கோவிக்காதீங்க அத்தை. இத்தனை வருசத்துல இதால என்ன மருந்து வந்திருக்கு?"

"மருந்து இன்னும் வரல. ஆராய்ச்சிக் கட்டுரைங்க வந்திருக்கு. நோய் எப்படி வருதுன்னு தெரிஞ்சாத்தான மருந்தைத் தேட முடியும்?"

"புரதத்தோட உருவத்தை இப்ப செயற்கை நுண்ணறிவே நொடியில சொல்லிருதே!"

"ஒருத்தி போட்டோவைப் பாத்து அவ எப்படி ஆடுவான்னு சொல்ல முடியுமா மாப்ளே? புரதம் அசையும், நெளியும். அந்த ஆட்டத்தைத்தான் இது கணக்குப் போடுது."

"சரி, ஒத்துக்கிடுதேன். உங்க ஒரு கம்ப்யூட்டரை நிறுத்திட்டா அந்த ஆராய்ச்சி நின்னு போயிருமா?"

அவள் தனக்குத்தானே பலமுறை கேட்டுக்கொண்டு, பதில் தெரியாமல் விட்ட கேள்வி அது. 'உனக்காகத்தான் ஓடுது' என்று பிரிஸில்லாவிடம் சொன்னதெல்லாம் வெறும் வாய்வார்த்தைதானோ?

"அப்போ நிறுத்திருதேன்" என்று எழுந்தாள். "இவங்களுக்கும் இரைச்சல் தொல்லை விட்டுச்சு."

"நிறுத்தக் கூடாது!"

பூதலிங்கம் எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"மாப்ளே, நீங்க படிச்சவிய. இந்த மழையில மணிமுத்தாறு அணை நெறையுது. ஒரு துளி விழாட்டா அணை நெறையாமப் போயிருமா? நெறையும். அதுக்காக, 'நான் ஒருத்தன் எதுக்கு'ன்னு ஒவ்வொரு துளியும் மேலயே நின்னுட்டா? அது பாட்டுக்கு ஓடட்டும்!"

சண்முகசுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. அறிவியல் ஏறாத மண்டை என்று இந்த மனுஷரையா இத்தனை காலம் ஏசினோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"மாமாவே தீர்ப்பு சொன்ன பிறகு அப்பீல் ஏது? நான் தோத்துட்டேன் அத்தை" என்று கையெடுத்துக் கும்பிட்டார் கணேஷ்ராம். "ஆனா இந்தப் பழசு வேண்டாம். நான் ஒரு புதுசு வாங்கித் தாரேன். இது மாசக்கணக்குல போடுத கணக்கை அது ஒரு நாள்ல போட்டுரும். சத்தமே கேக்காது. தொட்டுப் பாத்தா சில்லுன்னு இருக்கும்!"

சண்முகசுந்தரிக்குத் தலைகால் புரியவில்லை. பிரிஸில்லாவுக்கு உடனே போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.

"வாங்க மாப்ளே, பழசை இப்பவே கழட்டி ஓரமா வச்சிருவோம்."

அவர்கள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் பூதலிங்கம் முந்திப் போய், கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நின்றுகொண்டார்.

"புதுசெல்லாம் வேண்டாம். இதுவே போதும்."

"ஏன்? வேகமா ஓடுனா ஆராய்ச்சிக்கு நல்லதுதான?" என்றாள் சண்முகசுந்தரி.

"ஆராய்ச்சிக்கு நல்லதுதான்..."

பூதலிங்கம் மனைவியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், கொட்டுகிற மழையைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் குனிந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து பேப்பர் போட்டு மூடிய மூங்கில் சுளகு ஒன்றைப் பைய இழுத்தார்.

"புதுசுல சூடே வராதுன்னா, என் மோர் மிளகாய் எங்கன போய்க் காயும்?"