சாகாத செல்கள்

ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவன் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"மேடம், மூளைக்கட்டி செல்லெல்லாம் நம்ம மருந்துல செத்துப்போச்சு. இந்த ஒரு தட்டுல மட்டும் மறுபடி வளருது. 'வளரு'ன்னு சொல்ற சிக்னலை நாம அடைச்சா, இது வேற வழியில வாங்கிக்குது."

"தெரியும். அதுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி," என்றாள் தலைமை விஞ்ஞானி.

"இதைத் தூக்கிப் போட்டுட்டா, மருந்து ஜெயிச்சிடுச்சுன்னு கட்டுரை எழுதிடலாமே?"

"இது சாகாம எந்த மருந்தும் ஜெயிச்சதா அர்த்தமில்ல."

அவள் தட்டை வாங்கி, பழைய சத்துநீரை மாற்றி, கதகதப்பான பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

"பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறீங்களே!" என்று சிரித்தான் அவன்.

"என் பையன் தலையிலேர்ந்து எடுத்ததுதான் இது. அவன் போய்ச் சேர்ந்துட்டான். அவனைக் கொன்ன இந்தச் செல்லுக்குத்தான் தினமும் சோறு போட்டு வளர்த்துட்டிருக்கேன்."