எர்த் குழி

ஆம்ப்ளிஃபயர் மறுபடியும் இரைந்தது.

“நிறுத்து ஜெபா, இன்னும் எரையுது” என்றான் சாலமோன்.

ஜெபமணி பாட்டைப் பாதியில் விட்டாள். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவர்கள் மெட்ராஸுக்குப் பஸ் ஏற வேண்டும். நாளை விடியும்போதே அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். தொண்டைக் கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள். உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இப்போதே அந்தக் குரல் முக்கால்வாசி போய்விட்டது. காலையில் கொஞ்சம் எழும்பும். வெயில் ஏற ஏற வெறும் காற்றுதான்.

பிள்ளைக்கு எட்டு மாதம். அதைத் தூங்கவைக்க ஜெபமணி தானே கட்டிய பாட்டு ஒன்று உண்டு, ஆறே வரி. அந்த ஆறு வரியை டேப்பில் பிடித்துவிட்டால் போதும், பெண் வளர்ந்து தாயின் குரலைக் கேட்டுக்கொள்ளும். சாலமோனுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சர்ச் பாட்டுக் குழுவில் அவள் பாட, இவன் கிட்டார் வாசிக்கப் போய்த்தான் கல்யாணமே நடந்தது. அதனால் டேப்பில் கிட்டாரும் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சர்ச் ஆம்ப்ளிஃபயரைச் சைக்கிள் கேரியரில் கட்டி வல்லக்கோட்டையில் இருந்த தன் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் அவன் எலெக்ட்ரீஷியன். எந்த மோட்டார் எரிந்தாலும் சூப்பர்வைசர் அவனைத்தான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஒரு பெட்டி இரைவதா? மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

டியூப் லைட்டை அணைத்தான். ஃபேனை நிறுத்தினான். பிளக்கைத் திருப்பிச் செருகினான். டேப் ரெக்கார்டரைப் பேட்டரிக்கு மாற்றினான்.

இருந்தது ஒரே கேசட். ஒவ்வொரு தடவையும் அதை முதலுக்குச் சுற்றி, பழையதன் மேலேயே பதிந்து, பாடச் சொன்னான். அவளும் பாடினாள். மூன்றாவது வரிக்குள் கையைத் தூக்கிவிடுவான்.

கரண்ட்டை மண்ணில் இறக்கும் எர்த்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினான். ஜன்னலுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாயை இறக்கி வயரைக் கட்டினான். உள்ளே வந்து பாடச் சொன்னான். மண் காய்ந்து கிடக்கிறது, இரைச்சல் போகவில்லை. மறுபடியும் வெளியே ஓடிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான்.

ஈரக் கையோடு அவன் திரும்பியபோது ஜெபமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“பேசாத. இருக்கற தொண்டயக் கெடுத்துக்காத” என்று அடக்கிவிட்டான்.

இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதி பக்கத்து நிலத்தில் ஓடிய பலராமனின் பம்ப்செட்டிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒரே லைன். சாலமோன் வரப்பில் ஓடினான்.

“பயிரு காயுதுப்பா, மத்தியானம் கரண்ட் புடுங்கிடுவான்” என்ற பலராமன் அவன் முகத்தைப் பார்த்தார். “சரி, பாப்பாவுக்குத்தான? நீ போ, நா நிறுத்திக்கிறேன்.”

மோட்டார் நின்றது. சாலமோன் ஆம்ப்ளிஃபயரில் காதை வைத்தான். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கேசட்டை முதலுக்குச் சுற்றினான். கிட்டாரில் ஆரம்பித்துவிட்டு, பாடு என்று அவளுக்குத் தலையை ஆட்டினான்.

ஜெபமணி வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

எச்சில் விழுங்கிவிட்டு மறுபடியும் திறந்தாள். அதே காற்று. வெந்நீர் குடித்துப் பார்த்தாள், தேனை நாக்கில் தடவிப் பார்த்தாள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் கையை விரித்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது.

மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். காலையிலிருந்து அவள் பாடியதையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அவன் கையாலேயே அழித்திருந்தான். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஜெபமணி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, உள்ளே போய்ப் பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று அவன் கேசட்டை ஓடவிட்டான். சுத்தமான கிட்டார். அவள் மூச்சு. ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அதற்கப்புறம் இரைச்சல் கேட்டது. பழைய பதிவொன்றின் வால். தண்ணீர் ஊற்ற ஓடிய அவசரத்தில் டேப்பை நிறுத்த மறந்திருக்கிறான்.

ஸ்பீக்கர்மேல் குனிந்தான். ஜெபமணி ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது குரல் இருந்தது.

“ஏங்க, கிட்டாரு வேணாங்க. இந்தப் பொட்டிய அமுத்திட்டு வாங்க, நா சும்மாவே பாட்றேன். தொண்ட எரியுது.”

கொஞ்சம் பொறுத்து, “கேக்குதாங்க?” என்றாள்.

 குழியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும், ஒரு குடம், இன்னொரு குடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.