சுரண்டிய இடம்

மேனேஜர் பிரேம்நாத்தின் பிளாஸ்டிக் மாடல் விமானத்தை ஷர்மிளா பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நீலப் பெயிண்ட் தூள்தூளாக உதிர்ந்து, தரையில் விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தது.

அவள் புருஷன் அன்பரசன் கதவில் சாய்ந்து நின்று பார்த்தான். நாலு நாளுக்கு அப்புறம் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லாச் சுரண்டு. மூக்குல நீளமா ஒரு கோடு போடு. அந்தாளு பார்த்துட்டு அழட்டும்."

"கெடுக்கலங்க. ஒட்றதுக்குத்தான் சுரண்டுறேன். பெயிண்ட் மேல பசைய வச்சா அது பெயிண்ட்டத்தான் புடிக்கும். பிளாஸ்டிக்க எங்க புடிக்கும்?"

அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. கிட்டத்தட்ட இதே வார்த்தையைத்தான் அன்றைக்கு அவன் பிரேம்நாத்திடம் சொல்லியிருந்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் செக்ஷனில் இருவருக்கும் வேலை. தோலின் பளபளப்பை மெஷினில் சுரண்டிவிட்டுத்தான் சோலை ஒட்ட வேண்டும். சரக்கு கப்பலேற நாள் கம்மியாக இருந்தபோது, "சுரண்டறதெல்லாம் வேணாம், அப்படியே ஒட்டு" என்றார் பிரேம்நாத். வாயால் சொன்னதுதான், எழுத்தில் இல்லை. இரண்டே மாதத்தில் வாய் பிளந்த ஷூக்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஒட்டினவன் கை சரியில்லை என்று அன்பரசனை நாலு நாள் முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு விசாரணை.

மாடல் விமானம் செய்வது பிரேம்நாத்தின் பொழுதுபோக்கு. பாகம் பாகமாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். ஒட்டினால் மட்டும் இறக்கை நிற்கவில்லை. சனிக்கிழமை ஷர்மிளாவைக் கூப்பிட்டு அட்டைப்பெட்டியை நீட்டினார்.

"உனக்கு நிதானமான கை. ஆனா பெயிண்ட்ட தொடாத, மூணு மாசம் உக்காந்து அடிச்சது. எங்கயாவது சுரண்டினன்னு தெரிஞ்சுது, உன் புருஷன் பின்னாடியே நீயும் கேட்டுக்கு வெளிய."

இப்போது அவள் சுரண்டிக்கொண்டிருப்பது ஒட்டும் முனையை மட்டும்.

"இறக்கை நின்னுதுன்னா மனசு எறங்குவாருங்க" என்றாள்.

"அந்தாளு கார்ல இருந்துதான் எறங்குவாரு."

சொன்னானே தவிர, அவள் எதிரில் உட்கார்ந்து இன்னொரு இறக்கையை எடுத்துக்கொண்டான். அவனுக்கும் ஒரு பிளேடு இருந்தது. முனையில் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டினான்.

பெட்டியோடு வந்த சின்னப் புட்டியைத் திறந்து அவள் பசை தடவினாள். ஆளுக்கொரு இறக்கையை அழுத்திப் பிடித்தபடி இருவரும் பசை காயக் காத்திருந்தார்கள். இந்த நாலு நாளில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்காரவில்லை. கையை எடுத்தபோது சுரண்டிய இடம் மூட்டுக்குள் மறைந்திருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை.

"சுரண்டினத யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான். "பொண்ணுக்கு நர்ஸிங் இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது. உன் வேலையாவது இருக்கணும்."

மறுநாள் காலையில் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பிரேம்நாத் சிரித்தார். "நீயும் விசாரணைக்கு வா" என்றார். இறங்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

தலைமை ஆபீசிலிருந்து விசாரிக்க வந்திருந்த அப்துல் ஹமீத் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். அன்பரசன் ஒன்றையே சொன்னான்.

"சுரண்டாம ஒட்டச் சொன்னாரு சார். சுரண்டாம ஒட்டினா எதுவும் நிக்காது."

பிரேம்நாத் அட்டைப்பெட்டியைத் திறந்தார். விமானத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு இறக்கையை மட்டும் பிடித்துத் தூக்கினார். மொத்த விமானமும் கூடவே மேலே வந்தது.

"பெயிண்ட் அடிச்ச பாகம் சார் இது. சுரண்டவே கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஒட்டினது யாரோ இல்ல, இவன் சம்சாரம். எப்படி நிக்குது பாருங்க. சுரண்டலங்கறதெல்லாம் சாக்கு. கைதான் விஷயம்."

அப்துல் ஹமீத் இறக்கையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு ஷர்மிளா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. சுரண்டாமதான் ஒட்டினியா?"

பிரேம்நாத் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டாள். கடைசியில் அவள் துணிந்துவிட்டாள்.

"சார், நான் வந்து..."

அன்பரசன் முந்திக்கொண்டான்.

"அவ சுரண்டல சார். என் கைதான் சரியில்ல."