சுவரைப் பார்த்த ஸ்பீக்கர்

“அந்தப் பெட்டிய அப்படியே திருப்பி, வாய் சுவத்தப் பாத்து இருக்கிற மாதிரி வைய்யி தம்பி.”

ஸ்டூல் மேல் நின்றிருந்த மெக்கானிக் சூரியபிரகாஷ் குனிந்து பார்த்தான். கீழே நின்ற பேயாண்டி விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

“சுவரு படம் பாக்காதுண்ணே.”

“பாக்காட்டிப் போகுது. கேக்கட்டும்.”

பசுமலைப் பக்கம் மட்டும் நாற்பது வீட்டில் ஹோம் தியேட்டர் மாட்டியவன் சூரியபிரகாஷ். பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே பாட்டுக் கேட்பவர்கள், ஊஃபர் மேல் பூச்சாடி வைப்பவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறான். சுவருக்குப் பாட்டுப் போடுகிறவரை இன்றுதான் பார்க்கிறான்.

கடையில் கொடுத்த சீட்டில் கதவு எண்ணும், ‘இருக்கிற ஹோம் தியேட்டரோடு வயர்லெஸ் ஸ்பீக்கர் இரண்டு சேர்க்க வேண்டும்’ என்ற வரியும்தான் இருந்தன. பழைய மூன்று ஸ்பீக்கர்களும் ஊஃபரும் வயரோடு ஹாலில் இருந்தன. புதிய இரண்டும் சோபாவுக்குப் பின்னால் வர வேண்டியவை. பேயாண்டி அவற்றை ஹால் தாண்டி, சமையலறை தாண்டி, கடைசி அறைப் பரணில் வெண்டிலேட்டருக்குக் கீழே ஏற்றிவிட்டார்.

“இங்கின வச்சா ஹால்ல உக்காந்திருக்கவங்களுக்கு எப்படிண்ணே கேக்கும்?”

“அவுகளுக்குத்தான் அங்கனயே மூணு பெட்டி இருக்கே. இன்னும் எம்புட்டுத்தான் கேப்பாக? ஆமா, வயர்லெஸ்ங்கிற, இதுல வயரு தொங்குது?”

“அது கரண்டுக்குண்ணே.”

“சரி, சுவத்தத் தாண்டி வருமா?”

“மூணு சுவரத் தாண்டியும் சிக்னல் வரும்ணே.”

“சிக்னல் கிடக்கட்டும். சத்தம் வருமா?”

சூரியபிரகாஷ் பதில் சொல்வதற்குள் பேயாண்டி குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரு தம்பி. எங்க வீட்ல இருக்கே, அன்னக்கொடி, அது காலையிலயே பைய எடுத்து வச்சிருச்சு. ஆறரை மணி நாடகத்துல ஒரு பொண்ணு நாப்பது நாளா அழுகுது. எதுக்குன்னே வெளங்கல.”

“நாடகத்துல சொல்லியிருப்பாங்களேண்ணே.”

“சொல்லித்தான் இருப்பாக,” என்று பெருமூச்சு விட்டார். “இன்னைக்கும் வசனம் காதுல விழலைன்னா எழுமலைக்கு, அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிருவேன்னு நிக்கிது. போன தடவை ஏறினப்ப நான் வச்ச ரசத்த பதினோரு நாளு நானே குடிச்சேன்.”

மணி ஆறே கால். சூரியபிரகாஷ் ஹாலுக்குப் போய் சோதனை டிவிடியைப் போட்டான். இடி இடித்து மழை கொட்டியது. பேயாண்டி கடைசி அறையில் நின்று சுவரைப் பார்த்துக் கூவினார்.

“அன்னக்கொடி, கேக்குதா?”

சுவர்ப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “மழை பெய்யிது. கொடியில துணி கிடக்கு, போயி எடுங்க.”

“அது படத்து மழைடி. பேச்சுக் கேக்குதா?”

“ஒரு பேச்சும் இல்ல.”

பேயாண்டி ஹாலுக்கு ஓடி வந்தார்.

“பின்னாடி ஸ்பீக்கர்ல பேச்சு வராதுண்ணே,” என்று விளக்கினான் சூரியபிரகாஷ். “மழை, காத்து, காலடிச் சத்தம் இதுகதான் வரும். பேச்சு முன்னாடி நடு ஸ்பீக்கர்ல.”

“மழைக்கா இம்புட்டுப் பாடு? பேச்சு வர்ற மாதிரி பண்ணு.”

“அஞ்சுலயும் ஒண்ணுபோல வர வைக்கலாம். ஆனா அப்புறம் இது ஹோம் தியேட்டர் இல்லண்ணே, கல்யாண வீட்டு ரேடியோ செட்டு.”

“ரேடியோ செட்டுல பேச்சு நல்லா வெளங்கும்ல?”

“வெளங்கும்.”

“அதப் போடு.”

ஐந்து ஸ்பீக்கருக்கும் ஐந்து வேலை பிரித்துக் கொடுக்கக் கற்றவன், மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பட்டனை அமுக்கினான். டிவிடியை நிறுத்திக் கேபிளுக்கு மாற்றினான். மணி ஆறரை. நாடகத்தின் பெயர் ஓடி முடிந்தது. ஐந்து பெட்டியும் ஒரே குரலில் அழுதன.

பேயாண்டி மறுபடியும் கடைசி அறைக்குப் போனார். “அன்னக்கொடி, கேக்குதா?”

பதில் இல்லை.

“கேக்குதாங்கிறேன்ல?”

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஏழு மணிக்கு எழுமலை பஸ் உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“சும்மா இருங்க,” என்று சுவர்ப் பக்கமிருந்து அதட்டல் வந்தது. “அவ பேசிக்கிட்டு இருக்கால்ல. வாயசைவுக்குப் பொருத்தமா இருக்கு.”

“எதுக்கு அழுகுதாம்?”

“மூக்குத்தி தொலஞ்சுபோச்சாம்.”

“அதுக்கா நாப்பது நாளு?”

“மாமியா போட்டதாம். உங்களுக்கு அதெல்லாம் எங்க வெளங்கப் போகுது. ராத்திரிக்குத் தோசை ஊத்துறேன், வெங்காயம் உரிச்சு வைங்க.”

பேயாண்டி ஹாலுக்கு வந்தபோது முகம் பூத்திருந்தது. “நீ நல்லா இருப்ப தம்பி. ஒரு குடும்பத்த ஒண்ணு சேத்துட்ட.”

அப்படியொரு பாராட்டைக் கடை முதலாளியிடம்கூட அவன் வாங்கியதில்லை. கூச்சத்தோடு வாரண்டி கார்டை எடுத்து, பேனா மூடியைத் திறந்தான்.

“பேரு என்ன போடணும்ண்ணே?”

“ராதாகிருஷ்ணன்னு போடு.”

“உங்க பேருதானண்ணே?” என்றான்.

“எம் பேரு பேயாண்டி. அது இந்த வீட்டுக்காரவுக பேரு. பரவைக்கு ஒரு விசேஷத்துக்குப் போறோம், மெக்கானிக் வந்தா கதவத் தொறந்து விடுங்கன்னு சாவியக் குடுத்துட்டுப் போனாக. நாங்க சுவத்துக்கு அங்கிட்டு. எங்க டிவியில படம் மட்டுந்தான் வருது, உன்ன மாதிரி மெக்கானிக்குகிட்ட குடுத்தா அதுவும் போயிருமோன்னு பயம்.”