கோபத்துக்கு ஒரு முகம்

ஜன்னலோரக் கண்ணாடியில் மாலை வெளிச்சம் மங்குகிறது. காலையிலிருந்து அதன் முன் உட்கார்ந்து முகத்தைக் கோணிக் காட்டியதில் ஓவியருக்குத் தாடை வலிக்கிறது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து, அச்செடுத்த தாள்கள் கொடியில் ஈரமாகத் தொங்குகின்றன. வியப்பு, பயம், கோபம், எல்லாம் அவர் முகம்தான். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்த மனைவி, கோபத்தின் முன் நிற்கிறாள். “இது யாரு?” “நான்தான். கோபமா இருக்கேன்.” “பல்லைக் கடிச்சுக்கிட்டா? இருபது வருஷத்துல நான் பாத்ததே இல்லையே! உங்களுக்குக் கோபம் வந்தா மூஞ்சில ஒண்ணுமே இருக்காது. ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும்.” அவர் முகம் அசைவற்றுப் போகிறது. விரலில் படிந்த மையை மெல்லத் துடைக்கத் தொடங்குகிறார். அவள் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். “அசையாதீங்க. இதேதான்.”