நாற்காலி பார்க்க வந்தவர்கள்

"நான் அனுப்பினேன்னு ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா அக்கா என்னைக் கொன்னே போட்டுடும். ஏதோ அந்தப் பக்கமா வந்தோம், எட்டிப் பார்த்தோம்னு இருக்கணும். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்கப்பா!"

தம்பி குளியலறைக்குள் நின்று, கூட வேலை பார்க்கிறவர்களிடம் போனில் ரகசியமாகத்தான் பேசினான். ஆனால் பேருந்துப் பணிமனையில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. அவன் ரகசியம் நாலு வீட்டுக்குக் கேட்கும். அடுப்படியில் நின்ற அக்காவுக்குக் கேட்காமல் இருக்குமா?

முதலில் கோபம் வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நகரத்தில் இருக்கும் ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் வேலை அறைகளைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று அழைக்கும் நாள். சலவைக் கடை மாடியில் இருக்கும் அக்காவின் அறைக்குப் போன வருடம் இரண்டே பேர்தான் வந்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். மற்றவர், கீழே கடை எப்போது திறப்பார்கள் என்று கேட்டார்.

"இந்தத் தடவையும் யாரும் வரலைன்னா அறையைக் காலி பண்ணிடுவேன்டா. இனிமே பிரஷ்ஷைத் தொட மாட்டேன்" என்று அவள் தம்பியிடம் சொல்லியிருந்தாள். சும்மா சொல்லவில்லை. பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துவிட்டு, மிச்ச நேரத்தில் வரைகிறவள். அதுவும் எதை? ஆள் எழுந்து போன பிறகு காலியாக இருக்கும் நாற்காலிகளை. வேறு எதுவும் அவளுக்கு வரையத் தோன்றாது.

ஞாயிறு காலை கதவைத் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"உள்ளே வரலாமாம்மா? ஏதோ இந்தப் பக்கமா வந்தேன். அம்புக்குறி போட்டிருந்தது."

சொல்லிக் கொடுத்த வசனம் அப்படியே! அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. பாவம், தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார்.

பெரியவர் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, அதன் கைப்பிடியில் ஒரு துண்டு. அந்தப் படத்தை விட்டு அவர் நகரவே இல்லை.

"இதுல உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனது, நல்ல சேதி கேட்டா, கெட்ட சேதி கேட்டா?"

அக்கா திடுக்கிட்டாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"தெரியலைங்க. அதனாலதான் வரைஞ்சேன்."

"நான் நல்ல சேதின்னே வச்சுக்கறேன்மா" என்றார் அவர்.

பிறகு வரிசையாக ஆட்கள். ஒரு தம்பதி உள்ளே வந்ததுமே சண்டையை ஆரம்பித்தார்கள்.

"இது உங்க நாற்காலியேதாங்க. ஈரத் துணியைப் போட்டுட்டு எழுந்து போற அதே லட்சணம்!"

"நான் எப்போடி அப்படிப் போட்டேன்?"

"சாட்சியே வரைஞ்சு மாட்டியிருக்காங்க, இன்னும் வாயைத் திறக்கறீங்களே!"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மதியம் வந்த பெண்ணொருத்தி முடிதிருத்தும் கடை நாற்காலியின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பா கடையில இதே மாதிரி ஒண்ணு இருந்துதுங்க. இதை விலைக்குக் கொடுப்பீங்களா?"

தம்பியின் சிநேகிதர்களை மொட்டையடிக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க செலவு? நீங்க வந்ததே போதும். படத்தைச் சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஐயோ, சும்மாவா!" என்று அந்தப் பெண் பதறினாள். பிறகு நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். நடிப்பு சரி, அந்தக் கண்ணீரை எங்கே பிடித்தாள் என்றுதான் அக்காவுக்குப் புரியவில்லை.

கிளம்பிய ஒவ்வொருவரிடமும், "ரொம்ப நன்றிங்க. இந்த உதவியை மறக்க மாட்டேன்" என்று கையைக் கூப்பினாள்.

"நாங்க என்னம்மா உதவி பண்ணினோம்?" என்று எல்லோரும் விழித்தார்கள். விழிப்பதற்குக்கூடப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறான்!

சாயங்காலம் கதவைச் சாத்தும்போது அக்காவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என்னதான் இருந்தாலும் நடிப்பு நடிப்புதானே, அறையைக் காலி செய்வதில் மாற்றமில்லை. ஆனால் இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்? உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"நேத்து நீ பேசினது எல்லாம் என் காதுல விழுந்துடுச்சுடா. கூடப் பிறந்தவளுக்கு யாருடா இவ்வளவு செய்வாங்க? நான் ரொம்பக் கொடுத்து வச்சவடா."



"குத்திக் காட்டாதேக்கா" என்றான் தம்பி. "தப்புதான். வழி காட்டறேன்னு தெருமுனை வரைக்கும் நானும் கூட வந்தேன், நேரா உன்கிட்டதான் கிளம்பினோம். வழியில ஒரு பானை செய்யறவர் பட்டறை திறந்திருந்துது. சும்மா எட்டிப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு உருண்டை களிமண்ணைக் கையில கொடுத்துட்டார். நம்ம ஆளுங்க சின்னப் பசங்க மாதிரி உட்கார்ந்துட்டாங்க. இப்பதான் எல்லாரும் கை கழுவறாங்க. ஒருத்தன்கூட உன் அறைப் பக்கம் வரலை."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதேக்கா. அப்போ இந்த வருஷமும் யாருமே வரலையா?"

"வந்தாங்கடா."

"யாருக்கா?"

"தெரியலைடா!" என்றாள் அக்கா, சிரிப்பும் அழுகையுமாக. "அதுல ஒருத்தர்கூட யாருன்னே எனக்குத் தெரியலைடா!"