உள்மடிப்பு

ஞாயிறு மதியம். அறைத் தோழிகள் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். ஊரைவிட்டு வந்து துணி ஆலையில் தைப்பவள், சன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, ஆலையில் பொறுக்கிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஊரில் அண்ணியிடம் வளரும் மகளுக்குப் பாவாடை தைக்கிறாள். மடியில் கைப்பேசி. “அண்ணி, இடுப்பிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் எத்தனை சாண்னு அளந்து சொல்லுங்க.” “ஆடாம நில்லுடி... மூணரை சாண் இருக்கும்மா.” போன தடவை மூன்றுகூட இல்லை. “ஏன் அத்தை, அம்மாவுக்கு என் அளவு தெரியாதா?” என்கிறது மகளின் குரல். அண்ணி சிரித்து மழுப்புகிறாள். இவள் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. மின்விசிறிக் காற்றில் நூல்பிசிறுகள் தரையில் ஊர்கின்றன. பிள்ளை வளர வளரப் பிரித்துவிட, விளிம்பில் இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைப்பதுதான் வழக்கம். இவள் இன்னும் சில துண்டுகளை எடுத்து ஒட்டி, ஒரு முழுச் சாண் உள்ளே மடிக்கிறாள்.